நகைப்பட்டறைக் கண்ணாடி, பத்து மடங்கு: செண்டுடுக் பார்க்க இதை வாங்கலாம்

கல் பதிக்கிறவர்கள் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்களே, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் அந்தச் சின்ன மடக்குக் கண்ணாடிதான். பினாங்கு ஜோர்ஜ் டவுனில் நகைப்பட்டறைச் சாமான் விற்கும் ஒரு கடையில் நாற்பது வெள்ளிக்குள் கிடைத்தது. நான் வாங்கியது காட்டுப்பூ பார்க்க, அதிலும் மலாயில் செண்டுடுக் என்று சொல்லும் புதர்ச்செடிகளை வகை பிரித்துப் பார்க்க. இந்த வேலைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

தண்ணீர்மலைக்கு அருகே, தாவரவியல் பூங்கா பக்கத்திலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் நடப்பவர்களுக்கு ஊதா நிறச் செண்டுடுக் தெரியாமல் இருக்காது. கூடவே வெள்ளைப் பூ பூக்கும் செண்டுடுக் பூலுவும் நிற்கும். அது நம் மண்ணின் செடி இல்லை, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து காட்டோரமெல்லாம் பரவிவிட்டது. பூ இருந்தால் சரி, நிறமே சொல்லிவிடும். பூ இல்லாதபோது இரண்டிலும் இலையின் அடியிலிருந்து நுனிவரை ஓடும் அதே வளைந்த நரம்புகள்தான், கைப்பேசிச் செயலியைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு பேர் சொல்கிறது.

கண்ணாடியை வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும். சாதாரணச் செண்டுடுக்கின் தண்டிலும் பூவின் அடிக்கிண்ணத்திலும் சின்னச் சின்னச் செதில்கள் மேலே படிந்து கிடக்கும். பூலுவில் நீளமான முடிகள் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், காய்மீதும் அப்படியே. மலேசியத் தீபகற்பத்து மலைச்சரிவுகளில் இன்னொரு சொந்த வகையும் உண்டு, செண்டுடுக் காஜா. பூ பெரிது, இதழ் பெரும்பாலும் ஆறு, அடிக்கிண்ணம் முழுக்கச் சிவந்த நீள முடி. ஆனால் இதழை மட்டும் எண்ணி முடிவுகட்டாதீர்கள், கிண்ணத்தையும் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மகரந்தத்தாள்கள்தான். ஊதாச் செண்டுடுக்கில் அவை இரண்டு விதம்: ஐந்து நீளமாக, வளைந்து, ஊதாவாக, ஐந்து குட்டையாக, மஞ்சளாக. மஞ்சள் தாள்கள் வண்டுக்குத் தீனி, ஊதாத் தாள்கள் அதன் உடம்பில் மகரந்தம் தூவ. தாளின் மகரந்தப் பை வெடித்துத் திறப்பதில்லை, நுனியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை மட்டும், கருவண்டு வந்து பிடித்துக்கொண்டு ரீங்கரித்து உதறினால்தான் தூள் கொட்டும். அந்தத் துளையை வெறுங்கண்ணால் பார்ப்பது கஷ்டம், இதில் தெளிவாகத் தெரிகிறது. பூலுவில் தாள்கள் எல்லாம் ஒரே மாதிரி.

பயன்படுத்தும் முறை: கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள், பூவை நோக்கி நீங்கள் குனியுங்கள், இரண்டரை சென்டிமீட்டர் தூரம் வரும்போது உருவம் தெளியும். பூவைப் பறிக்க வேண்டாம். காற்றடித்தால் கிளையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும், வியர்வையில் ஆவி படியும், துடைக்கத் துணி வேண்டும். குறை என்றால் இவ்வளவுதான்.

முப்பது மடங்கு, நாற்பது மடங்கு என்று எழுதி மலிவாக விற்பதை வாங்காதீர்கள். பார்க்கும் வட்டம் சுருங்கிவிடும், ஓரமெல்லாம் வானவில் நிறம் கசியும், எழுதியிருக்கும் அளவுக்குப் பெரிதாகக் காட்டுமா என்பதே சந்தேகம். மூன்று வில்லை ஒட்டிய பத்து மடங்கைக் கேட்டு வாங்குங்கள், சட்டம் கறுப்பாக இருக்கட்டும், வெள்ளி நிறச் சட்டம் வெயிலில் கண்ணைக் கூசும். கயிறு கூட வராது. அப்புறம் நீங்களே ஒன்று கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், லாலாங் புல்லுக்குள் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.