அம்மாவின் கைபேசியும் ஜீபி கிளினிக்கும்: ஆறு வருட அனுபவம்

2019 இல், இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். இன் செயலி பரவத் தொடங்கிய காலத்திலேயே, அம்மாவின் கைபேசியில் அதைப் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. கிழக்கு லண்டனில் இத்தனை வருடமும் ஒரே ஜீபி (குடும்ப வைத்தியர்) கிளினிக்கில்தான் காட்டுகிறோம்.

குளிசை விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. செயலியில் கேட்டுவிட்டால், டொக்டர் ஒப்புதல் கொடுத்ததும் மருந்துச்சீட்டு நாங்கள் தெரிவு செய்த பார்மசிக்கு நேராகப் போய்விடுகிறது. மாதாமாதம் நடந்த நடை மிச்சம்.

கிளினிக் அனுப்பிய குறுஞ்செய்திகள்தான் படாத பாடு படுத்தின. 2022 இல் ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக் பூட்டும் ஆறரை மணிக்குச் சற்றுப் பிறகு, ஆங்கிலத்தில் ஒன்று வந்தது: "உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு வழமைக்கு மாறானது. அப்பொயின்ற்மென்ற் எடுக்கவும்." அவ்வளவுதான். எந்தப் பரிசோதனை, எவ்வளவு அவசரம் என்று ஒரு சொல்லும் இல்லை. கிட்னி போய்விட்டது என்றே அம்மா முடிவு கட்டிவிட்டார். மூன்று இரவு சரியான நித்திரை இல்லை. திங்கள் காலை எட்டு மணிக்குப் போன் அடித்தால் வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர். கடைசியில் பார்த்தால், மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 53 இலிருந்து 58 ஆகியிருந்தது. கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அந்த இரவுகளுக்குத் தேவையே இருக்கவில்லை.

இங்கிலாந்தில் ஒவ்வொரு ஜீபி கிளினிக்கும் நோயாளர்கள் தங்கள் கருத்தைச் சொல்லும் நோயாளர் குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது 2015 முதல் என்.எச்.எஸ். உடனான ஒப்பந்தத்திலேயே உள்ளது. அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் போய் அந்தச் செய்தியை அப்படியே வாசித்துக் காட்டினேன். உடனே மாறவில்லை, ஆனால் மாறியது. இப்போது வருவது இப்படி: "மூன்று மாதச் சீனி அளவு (எச்பிஏ1சி) 57. அவசரமில்லை. இரண்டு வாரத்துக்குள் எங்கள் பார்மசிஸ்ற்றோடு கதையுங்கள். நேரம் எடுக்க இந்த இணைப்பு." இதை வாசித்துச் சொன்னால் அம்மா "சரி" என்று விட்டுத் தன் வேலையைப் பார்க்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தைத்தான் நான் பிந்தி அறிந்தேன். பல வருடம் நானே அம்மாவுக்காகக் கதைத்தேன். அது உதவி என்றுதான் நம்பியிருந்தேன். இலவசமாக மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று ஒரு தாதி சொல்லித்தான் கேட்டோம். போனில் வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். "கால் விறைக்குது" என்று அம்மா சொல்ல, அவர் ஒரு கணம் யோசித்து, "மரத்துப் போகுதாம்மா?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். அந்த விறைப்பு ஏழெட்டு மாதமாக இருந்ததாம். மகனுக்கு ஏன் கவலை கொடுப்பான் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றே பாதப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் நடுவில் இருந்திருந்தால் அந்த விஷயம் டொக்டரின் காதுக்குப் போயே இருக்காது.

2025 ஒக்ரோபர் முதல், நோயாளர்கள் தங்கள் நோவை எழுதி அனுப்பும் இணையப் படிவத்தைக் கிளினிக்குகள் காலை எட்டிலிருந்து மாலை ஆறரை வரை திறந்து வைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எனக்கு அது பெரிய வசதி. ஆங்கிலத்தில் நோவை எழுதத் தெரியாத அம்மாவுக்குப் போன்தான் வேண்டும். அதைக் குறைத்துவிடக் கூடாது என்று குழுவில் இப்போதும் சொல்லி வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று அவர்களுடைய பதிவிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். கதைத்து முடிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், ஆகவே அப்பொயின்ற்மென்ற் எடுக்கும்போதே இரட்டை நேரம் கேளுங்கள்.