ஆய்வக அறிக்கை கேட்டால் எடுத்துக் காட்டும் தேன் கடை

மார்த்தாண்டத்தில் தேன் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, பார்க்கிற போர்டில் எல்லாம் ‘சுத்தமான தேன்’தான். நான் சொல்வது குழித்துறை போகிற வழியில், பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற குடும்பமே நடத்தும் ஒரு சின்னக் கடையைப் பற்றி.

வக்கீல் ஆபீஸில் வேலை பார்ப்பதால் ‘ப்ரோபேட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல் எனக்குப் பழக்கம். வெளியே யாரும் பேசிக் கேட்பது அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் ‘வேல்யூ’வோடு சேர்ந்துதான் வரும். ஒரு சங்கதியை நிரூபிக்க அந்தச் சான்று எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதுதான் பொருள், சான்று இருப்பதாலேயே நிரூபணம் ஆகிவிட்டது என்று ஆகாது. இந்தக் கணக்கில் பார்த்தால் நம் வீட்டுச் சோதனைகள் பாதி தேறாது. தேனைத் தண்ணீரில் விட்டு அடியில் போய் நிற்கிறதா என்று பார்க்கிறோமே, கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் போய் நிற்கும்.

இங்கே ஆய்வக அறிக்கை கேட்டேன். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் ஃபைலை எடுத்து விரித்தார். ஈரப்பதம், சட்டம் சொல்லும் 20 சதவீத வரம்புக்குள் இருந்தது. கார்பன் ஐசோடோப் சோதனையும் செய்திருக்கிறார்கள். கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரை கலந்திருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். “அரிசிப் பாகு கலந்தா இதுல தெரியாது, அதுக்கு வேற டெஸ்ட் உண்டு” என்று அவரே சொன்னார், எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

அப்புறம் ரப்பர் தேன். ரப்பர் மரம் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பிலிருந்து தேனீ எடுப்பது, சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலின் அடியில் ரவை மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து சீனி கலந்தது என்று ஒதுக்குகிறவர்கள் நிறையப் பேர். இவர்கள் அதை மறைக்காமல் முன்தட்டிலேயே வைத்திருக்கிறார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்றும் சொல்லித்தான் தருகிறார்கள். ருசியும் நன்றாகவே இருக்கிறது.

ஒரு பெரிய குறை உண்டு. லேபிளில் பேட்ச் நம்பர் கை பட்டாலே அழிகிறது. நம்பர் இல்லாமல், காட்டிய அறிக்கை நான் வாங்கிய பாட்டிலுக்கு உரியதுதானா என்று எப்படிப் பார்ப்பது? அழியாத மையில் அச்சடியுங்கள் அண்ணே, இவ்வளவு செலவழித்து எடுத்த அறிக்கை அப்போதுதான் பயன்படும்.