டிரில் பிட்ல எங்க காசு போடலாம், எங்க போட வேணாம்: பல வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

வீட்டு ஒர்க்‌ஷாப்ல எனக்கு வர்ற வேலை முக்கால்வாசி மைல்ட் ஸ்டீல் பிளாட், ஆங்கிள், ஸ்கொயர் டியூப், நடுவுல கொஞ்சம் அலுமினியம், எப்பவாவது எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒரு பெஞ்ச் டிரில், ஒரு கை டிரில், அவ்ளோதான். சாதா ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்), தங்கக் கலர், கோபால்ட்னு எல்லா வகையும் ஓட்டிப் பாத்தாச்சு, அதை வச்சு சொல்றேன்.

முதல்ல அந்த தங்கக் கலர். பாக்ஸ் மேல டைட்டானியம்னு பெருசா போட்டிருப்பாங்க, ஆனா அது டைட்டானியத்துல செஞ்ச பிட்டே இல்ல, ஹெச்எஸ்எஸ் மேல சில மைக்ரான் கனத்துக்கு டைட்டானியம் நைட்ரைடு பூசினது. நல்ல ஸ்டீல் மேல ஒழுங்கா பூசியிருந்தா நெஜமாவே உழைக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு தடவ சாணை பிடிச்சா நுனில இருக்கற பூச்சு போயிடும், அப்புறம் நீங்க ஓட்டறது கிட்டத்தட்ட சாதா பிட்தான். மலிவு செட்ல அடில இருக்கற ஸ்டீலே மட்டம், அதுக்கு மேல என்ன பூசி என்ன.

நான் கடைசில செட்டில் ஆனது பூச்சு எதுவும் இல்லாத எம்2 கிரேடு ஹெச்எஸ்எஸ், அதுவும் கிரைண்ட் பண்ணி எடுத்தது. பேக்ல ஹெச்எஸ்எஸ்-ஜின்னு போட்டிருந்தா கிரவுண்ட், ஹெச்எஸ்எஸ்-ஆர்னா ரோல் பண்ணது. ரோல் பண்ணது கை டிரில்லுக்கு ஓகே, பெஞ்ச் டிரில்ல சுத்தவிட்டுப் பாத்தா நுனி லேசா ஆடறது கண்ணுக்கே தெரியும். நுனிக் கோணம் 135 டிகிரி, நடுமுனையையும் பிளந்து கூராக்கின ஸ்ப்ளிட் பாயின்டா இருந்தா வழுக்காம உக்காரும், கம்மி அழுத்தமே போதும், 118 டிகிரின்னா சென்டர் பஞ்ச்ல அடிச்சு ஒரு சின்னக் குழி போடாம ஆரம்பிக்காதீங்க.

கோபால்ட் எஸ்எஸ்க்கு மட்டும். எம்35 கிரேடுல 5 சதவீதம், எம்42 கிரேடுல 8 சதவீதம் கோபால்ட், அது பூச்சு இல்ல, ஸ்டீல்லயே கலந்திருக்கு, அதனால எத்தனை தடவ சாணை பிடிச்சாலும் குணம் மாறாது, சூட்டையும் நல்லா தாங்கும். ஆனா கடினம் கூடக்கூட நொறுங்கற குணமும் கூடும், 3 எம்எம் கோபால்ட் பிட்ட கை டிரில்ல மாட்டி கொஞ்சம் சாய்ச்சீங்கன்னா டப்புன்னு போயிடும். மைல்ட் ஸ்டீலுக்கு கோபால்ட் வாங்கறது என்னை கேட்டா வீண் செலவு.

எந்த பிட் வாங்கினாலும் ஆயுச தீர்மானிக்கறது ஸ்பீடுதான். ஹெச்எஸ்எஸ்ல மைல்ட் ஸ்டீல் வெட்ட வெட்டற வேகம், அதாவது பிட்டோட வெளி ஓரம் ஓடற வேகம், நிமிஷத்துக்கு 25 மீட்டர் வாக்குல போகலாம், அதாவது 10 எம்எம் பிட்டுக்கு 800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 800 சுத்து), 5 எம்எம்க்கு 1600. எஸ்எஸ்னா அதுல பாதி, இல்ல அதுக்கும் கீழ. பல கை டிரில்லுங்க 2800 வரைக்கும் போகும், 10 எம்எம் பிட்ட மாட்டி ட்ரிகர முழுசா அமுக்கினா வெட்டற வேகம் 88 மீட்டர் ஆயிடுது, விளிம்பு நீலமாகி மழுங்கிடும், அப்புறம் பிட் சரியில்லன்னு கம்பெனிய திட்டுவோம். எஸ்எஸ்ல இன்னொரு தொல்லை, லேசா தேய்ச்சுக்கிட்டே நின்னா அந்த இடம் இறுகிடும், அதுக்கப்புறம் எந்த பிட்டும் ஏறாது, அதனால மெதுவா சுத்தி நல்லா அழுத்தி சுருள் வந்துக்கிட்டே இருக்கற மாதிரி போகணும், கட்டிங் ஆயில் கண்டிப்பா வேணும்.

செட் வாங்கறதா தனியா வாங்கறதான்னு கேட்டா, தனியா. 1லேர்ந்து 13 எம்எம் வரைக்கும் அரை அரை எம்எம்மா வர்ற செட் பாக்க அழகா இருக்கும், ஆனா டேப் போடறவங்களுக்கு, அதாவது ஓட்டைக்குள்ள மரை வெட்டறவங்களுக்கு, தேவையான சைஸ் பாதி அதுல இருக்காது. எம்4க்கு (4 எம்எம் மரை) 3.3, எம்5க்கு 4.2, எம்8க்கு 6.8 வேணும், அது எதுவும் இருக்காது, எம்6க்கு 5ம் எம்10க்கு 8.5ம் அதுல கிடைக்கும். நான் அடிக்கடி தேயற சைஸ நல்ல குவாலிட்டில ரெண்டு மூணா வாங்கி வச்சுக்கறேன், எப்பவாவது தொடற சைஸ்க்கு சுமாரானதே போதும்.

சாணை பிடிக்க கத்துக்கிட்டா ஒரு நல்ல பிட் வருஷக்கணக்கா வரும், மலிவுப் பிட்ட விட்டு நல்லத வாங்கச் சொல்றதுக்கு எனக்கு பெரிய காரணமே இதுதான். பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், ரெண்டு விளிம்பும் ஒரே நீளம் ஒரே கோணம், அப்புறம் விளிம்புக்குப் பின்னாடி லேசா சரிவு. சரியா வந்துச்சான்னு பிட்டே சொல்லிடும்: ரெண்டு பக்கமும் சமமா சுருள் வந்தா சரி, ஒரு பக்கம் நீள சுருளும் இன்னொரு பக்கம் வெறும் பொடியும் வந்தா ஒரு விளிம்புதான் வேலை செய்யுது, ஓட்டையும் சைஸ விட பெருசாதான் வரும், திரும்ப கிரைண்டர்கிட்ட போங்க. கிரைண்டர்ல சூடேறினா ஹெச்எஸ்எஸ்ஸ படக்குன்னு தண்ணில முக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், தானா ஆறட்டும். 3 எம்எம்க்கு கீழ இந்த மெனக்கெடலே வேணாம், பத்து பத்தா பேக்ல வர்றத வாங்கி வச்சுக்கிட்டு மழுங்கினா தூக்கிப் போட்டுட்டு அடுத்தத மாட்டுங்க.