சர்க்கரைக்கு மாற்று: சீனித்துளசியா, மங்க் ஃப்ரூட்டா, எரித்ரிட்டாலா?

சர்க்கரையை விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களிடம், பதிலுக்கு என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். இந்த நான்கையும் இந்த ஒப்பீட்டிலிருந்து முதலிலேயே விலக்கிவிடுகிறேன். இவற்றின் மணத்துக்கும் சுவைக்கும் நான் எதிரியில்லை; சுக்குக் காபிக்குக் கருப்பட்டியைப் போலப் பொருந்துவது வேறொன்றும் கிடையாது. ஆனால் கலோரிக் கணக்கில் இவை சர்க்கரையின் உடன்பிறப்புகள். நூறு கிராம் சர்க்கரையில் 400 கலோரிக்குச் சற்றுக் குறைவு என்றால், வெல்லம் 380 கலோரியை ஒட்டி நிற்கிறது. தேனில் தண்ணீர் கலந்திருப்பதால் 300 சொச்சம். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த நிலையில், நீரிழிவு உள்ள ஒருவர் "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று இரண்டாவது டம்ளரை வாங்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

கலோரியை உண்மையிலேயே குறைக்கும் இயற்கை மூல இனிப்பூட்டிகள் இரண்டு வகை. சிட்டிகை அளவே போதுமான செறிவான இனிப்புகள் ஒரு வகை: சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவும் மங்க் ஃப்ரூட்டும். சர்க்கரையைப் போல ஸ்பூன் கணக்கில் அள்ளிப் போடும் தூள்கள் இன்னொரு வகை: எரித்ரிட்டால், சைலிட்டால், அல்லுலோஸ். எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நீங்கள் செய்யும் பண்டத்தில் சர்க்கரைக்கு என்ன வேலை என்பதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீனித்துளசியின் தாயகம் பராகுவே. அங்குள்ள குவரானி மக்கள் அதன் இலையைத் தங்கள் பானங்களில் நெடுங்காலமாகப் போட்டுவந்தார்கள். ஜப்பான் 1970-களிலேயே உணவுத் தயாரிப்பில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அமெரிக்கா 2008-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலும், இந்தியா 2015-இலும் சுத்திகரித்த சாறுக்கு இடம் கொடுத்தன. இனிப்பு சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு. கலோரி இல்லையென்றே சொல்லலாம். குறை ஒன்றுதான், அது பெரிய குறை: விழுங்கியபின் நாக்கில் தங்கும் கசப்பு. இனிப்பை உணர்த்தும் அதே மூலக்கூறு கசப்பை உணரும் ஏற்பிகளையும் தொட்டுவிடுவதால் இப்படி நேர்கிறது. இலையின் இனிப்புப் பொருள்கள் பல; அவற்றில் மிகுதியாக உள்ள ஸ்டீவியோசைடு அதிகம் கசக்கும். ரெபாடியோசைடு ஏ அதைவிடக் குறைவு. ரெபாடியோசைடு எம் கிட்டத்தட்டச் சர்க்கரையின் சாயலில் இருக்கும். எனவே "ஸ்டீவியா வாங்கினேன், கசந்தது" என்று ஒரே பாக்கெட்டோடு கைவிடுவதற்கு முன் அது எந்த வகை என்று பாருங்கள்.

பார்க்கும்போதே பொருள் பட்டியலையும் படித்துவிடுங்கள். முன்பக்கம் பச்சை இலைப் படம், பின்பக்கம் முதல் பொருளாக டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் தூள்) என்று இருக்கும் சிறு பொட்டலங்கள் ஏராளம். அத்தனை குறைந்த அளவுச் சாறை மட்டும் பொட்டலத்தில் அடைக்க முடியாது என்பதால் நிரப்புத் தூள் சேர்க்கிறார்கள். ஆனால் டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸ். ஒரு பொட்டலத்தில் ஒரு கிராமுக்குள்தான் இருக்கும் என்றாலும், நீரிழிவுக்காக வாங்குபவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. சொட்டு மருந்து போல வரும் திரவ ஸ்டீவியாவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. காபிக்கும் எலுமிச்சைச் சாறுக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான். டிகாக்‌ஷன் திக்காக விழுந்த காபியில் அதன் கசப்பு காபியின் கசப்போடு கலந்து மறைந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும். வெறும் பாலில் மட்டும் வேண்டாம். அங்கே அது ஒளிய இடமில்லை.

பாதுகாப்பு பற்றிய கேள்வி வரும். ஸ்டீவியா குடலில் சிதைந்தபின் மிஞ்சும் ஸ்டீவியோல் என்ற பொருளாகக் கணக்கிட்டு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்பது சர்வதேச நிபுணர் குழு வகுத்த அன்றாட வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ரெபாடியோசைடு ஏ கணக்கில் 700 மில்லிகிராமை ஒட்டி வரும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையின் இனிப்புக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் போதும். நாளுக்கு மூன்று, நான்கு காபி குடிப்பவர் வரம்பின் பக்கத்திலேயே போகமாட்டார். தொட்டியில் வளர்த்த இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வேறு கணக்கு. அந்த அனுமதிகளெல்லாம் சுத்திகரித்த சாறுக்குத்தான். அமெரிக்காவில் முழு இலையை இனிப்பூட்டியாக இன்னும் ஏற்கவில்லை.

மங்க் ஃப்ரூட் தென்சீனத்தின் குவாங்சி பகுதியில் விளையும் பழம். இருமலுக்கும் தொண்டைக்கும் அங்கே காய்ந்த பழத்தைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். மோக்ரோசைடு என்ற பொருள் அதற்கு இனிப்பைத் தருகிறது. கசப்பில் ஸ்டீவியாவை வென்றுவிடுகிறது, விலையில் தோற்றுவிடுகிறது. நம் ஊரில் கிடைப்பவற்றில் பல, எரித்ரிட்டாலோடு கலந்த தூள்கள். பெயர் மங்க் ஃப்ரூட், பையை நிறைப்பது எரித்ரிட்டால். ஆகவே அந்த எரித்ரிட்டாலைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருக்கிறது.

எரித்ரிட்டால் திராட்சையிலும் பேரிக்காயிலும் சிறிதளவு இயற்கையாக இருக்கிறது. கடையில் விற்பது, குளுக்கோஸை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரித்தது. கிராமுக்கு 0.2 கலோரிதான், சர்க்கரைக்கு 4. இனிப்பு சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு. குடலில் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு, மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. இரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை. பார்வைக்கும் அப்படியே சர்க்கரை. வாயில் போட்டால் மட்டும் புதினா மிட்டாய் போன்ற ஒரு குளிர்ச்சி எழும், ஏனென்றால் அது கரையும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. ஐஸ்கிரீமில் அது சுகம். சூடான கேசரியில் ஒட்டாமல் நிற்கும். அது தண்ணீரில் சர்க்கரையைவிட மிகக் குறைவாகவே கரையும் என்பதால், பர்பியும் தேங்காய் மிட்டாயும் ஆறியதும் உள்ளே மீண்டும் படிகமாகி, மணலைக் கடிப்பதுபோல நறநறக்கும்.

என் கவலை நாக்கோடு நிற்கவில்லை. 2023-இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. எரித்ரிட்டாலை நம் உடம்பே ஓரளவு தயாரிக்கிறது. அதனால் இதை மட்டும் வைத்து, தின்ற எரித்ரிட்டால்தான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதே குழுவினர் நலமாக உள்ளவர்களுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத் தட்டணுக்கள் உறைவதற்கு எளிதாக முனைந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும், வயிற்றுப்போக்கைக் கருதி, கிலோ எடைக்கு அரை கிராம் என்று வரம்பு வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 கிராம். இப்போது பாயசத்தைக் கணக்குப் போடுங்கள். நான்கு பேருக்கு 150 கிராம் சர்க்கரை போடும் இடத்தில், அதே இனிப்புக்கு எரித்ரிட்டால் 200 கிராமுக்கு மேல் வேண்டும். ஒரு கிண்ணத்திலேயே 50 கிராமைத் தாண்டிவிடுகிறது. இதய நோய் உள்ளவர்களோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களோ இதை அன்றாடப் பொருளாக்கிக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவர்களுக்கும் பாயசத்தில் நான் சொல்வது வேறு வழி: சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, மீதி இனிப்பைச் சில சொட்டு ஸ்டீவியாவிடம் விடுங்கள். ஏலக்காயும் வறுத்த முந்திரியும் அதன் கசப்பைத் தெரியவிடாது.

சைலிட்டாலின் இனிப்பு சர்க்கரைக்குச் சமம். ஆனால் கிராமுக்கு 2.4 கலோரி. பல்லுக்கு நல்லது, அதனால்தான் சூயிங்கத்தில் இருக்கிறது. வயிற்றை எளிதில் கலக்கிவிடும். வீட்டில் நாய் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சிறிதளவு தின்றாலும் நாயின் இரத்தச் சர்க்கரை சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஐந்தில் எனக்கு ஆர்வமூட்டுவது அல்லுலோஸ். அத்தியிலும் உலர்திராட்சையிலும் மிக நுண்ணிய அளவில் இருக்கும் சர்க்கரை இது. கிராமுக்கு 0.4 கலோரி, இனிப்பு 70 சதவீதம், குளிர்ச்சி இல்லை. சூட்டில் சர்க்கரையைப் போலவே நிறம் மாறி மணம் கொடுக்கும். கேக்கும் பிஸ்கட்டும் பொன்னிறமாக வரும், சற்று வேகமாகவே கருகிவிடும். விலை அதிகம், கிடைப்பதும் அரிது.

மைசூர்பாகுக்கு எது என்று கேட்டால், எதுவும் வேண்டாம் என்பேன். அங்கே சர்க்கரை இனிப்புக்காக மட்டும் போடப்படுவதில்லை. கம்பிப்பதம் வந்த பாகுதான் கடலைமாவையும் நெய்யையும் பிடித்து நிறுத்துகிறது. அதிரசத்துக்கு வெல்லப்பாகும் அப்படித்தான். பண்டிகைக்கு அசல் பாகில் செய்ததை ஒரு துண்டு சாப்பிடுங்கள். சர்க்கரை இல்லாதது என்று கடையில் விற்கும் இனிப்பில் நெய்யும் கோவாவும் முந்திரியும் குறையாமல் இருக்கின்றன. அரைக் கிலோ பெட்டியைக் கணக்கில்லாமல் காலிசெய்ய அந்தப் பெயர் அனுமதி தருவதில்லை.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதிமதுரத்தையும் இப்போது இனிப்பூட்டியாகப் பரப்புகிறார்கள். இருமலுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது வேறு, நாள்தோறும் தேநீரில் போடுவது வேறு. அதிலுள்ள கிளிசரைசின் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும்.

எடை குறைப்பதற்கு இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. அந்த அறிவுரைக்குள் ஸ்டீவியாவும் அடக்கம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது, எரித்ரிட்டால் வகையும் அதில் சேராது. நாளுக்கு ஆறு ஸ்பூன் சர்க்கரை காபியிலேயே போடுபவர் ஏறக்குறைய 100 கலோரியைக் குறைக்கலாம். அந்த மிச்சத்தை மாலையில் இரண்டு பிஸ்கட் விழுங்கிவிடும். சொட்டுகளின் எண்ணிக்கையையும் மாதந்தோறும் குறைத்து, நாக்கைக் குறைந்த இனிப்புக்குப் பழக்குங்கள்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை இறங்கும் நேரத்தில் ஸ்டீவியா கலந்த சாறு சிறிதும் உதவாது. குளுக்கோஸோ சர்க்கரையோதான் காப்பாற்றும். சர்க்கரை டப்பாவை வீட்டைவிட்டு முழுதாக அப்புறப்படுத்தாதீர்கள். அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.