செய்மதிப் படத்தில வன்னி வயல்: சில வருசம் பாவிச்ச பிறகு எழுதிறன்

என்டிவிஐ, அதாவது பயிர் எவ்வளவு பச்சை எண்டு செய்மதிப் படத்தில இருந்து கணக்குப் போட்டு எடுக்கிற எண், அந்தப் படம் பாக்கத் தொடங்கிற எல்லாரும் முதல்ல பச்சை எவ்வளவு எண்டுதான் பாப்பினம், ஆனா இவ்வளவு காலமும் பாவிச்சதில எனக்கு உதவினது திகதிதான், எந்த வயல் எப்ப பச்சையாச்சு, எப்ப பழுத்தது எண்டது. மற்றதெல்லாம் அரைகுறை. ஏன் எண்டு சொல்லுறன்.

நான் கூடப் பாவிக்கிறது சென்டினல்-2 செய்மதிகளின்ர படம். ஐரோப்பாக்காரர் முதலாவதை 2015லயும் ரெண்டாவதை 2017லயும் ஏவினவை, ரெண்டு செய்மதி சேந்து அஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும், படம் இலவசம், ஒரு கட்டம் பத்து மீற்றர், அதாவது ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 40 கட்டம் விழும். இலை சிவப்பு ஒளியைக் குடிச்சிட்டு கண்ணுக்குத் தெரியாத கிட்ட அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், அகச்சிவப்பில இருந்து சிவப்பைக் கழிச்சு ரெண்டின்ர கூட்டுத்தொகையால பிரிச்சா என்டிவிஐ வரும், அவ்வளவுதான் கணக்கு. உழுதுபோட்ட நிலம் 0.2க்கு அங்க இங்க நிக்கும், நல்லா மூடின நெல்லு 0.7ஐத் தாண்டும், தண்ணி மைனஸில போகும்.

இதை வச்சு உருப்படியா பாக்கக்கூடியது சிறுபோகம், குளத்துத் தண்ணியை நம்பி வெயில் காலத்தில செய்யிற நெல்லு. இரணைமடுக் குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டதைப் பாத்துத்தான் எத்தனை ஏக்கருக்கு விதைக்கிறது எண்டு கூட்டத்தில முடிவெடுப்பினம், அதால ஜூன் மாசப் படத்தைத் திறந்தா சுத்திவர மண்ணிறமா கிடக்க வாய்க்கால் ஓடுற பக்கம் மட்டும் பச்சைத் துண்டு துண்டா தெரியும், மேகமும் குறைவு, வடிவா பாக்கலாம். வாய்க்கால் தொடங்கிற தலைப்பு வயலில என்டிவிஐ முதல்ல ஏறும், கடைசி வயலில பிந்தித்தான் ஏறும். ஒரே வாய்க்காலில தலைப்பில ஒரு புள்ளியும் கடைசியில ஒரு புள்ளியும் குத்தி ரெண்டின்ர என்டிவிஐயும் நாளோட ஏறி இறங்கிற கோட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு போட்டா இடைவெளி அப்பிடியே தெரியும், கடைசி வயலுக்கு எத்தனை நாள் பிந்தித் தண்ணி போயிருக்கு எண்டு அதில இருந்து கிட்டத்தட்டச் சொல்லிப்போடலாம். இதை மாமாவுக்குக் காட்ட, "இதுக்கு ஏனடா மருமோன் வானத்துக்குப் போனனீ, என்னட்டைக் கேட்டிருக்கலாமே" எண்டார். அவற்ற வயல் கடைசி வயல். ஆனா கமக்கார அமைப்புக் கூட்டத்தில வாயால சொன்னா சண்டைதான் வரும், மூண்டு வருசக் கோட்டைப் பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டினா கொஞ்சம் நிண்டு கேக்கினம்.

மழையோட செய்யிற காலபோகம் வேற கதை. ஐப்பசியில மழை கூடுதலா பின்னேரம்தான், செய்மதி காலமை பத்தரை பதினொண்டுக்குள்ள வந்து போயிடும், அதால விதைப்பு நேரம் ஒண்டிரண்டு நல்ல படம் மாட்டும். கார்த்திகை மார்கழியில வாடைக்காத்தோட நாள் முழுக்க மூடிக்கொண்டுதான் நிக்கும், படம் எடுத்தா வெள்ளைப் பஞ்சு. மேகத்தைத் தானா வெட்டிவிடுற வசதி இருக்குத்தான், மெல்லிய மேகத்தையும் மேகத்தின்ர நிழலையும் அது அடிக்கடி விட்டிடும், கோடு திடீரெண்டு விழுந்தா பயிருக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு பதறாமல் முதல்ல சாதாரண நிறப் படத்தைத் திறந்து பாருங்கோ. அந்த மாசங்களுக்கு சென்டினல்-1 ராடர்தான் வழி, அது மேகத்துக்குள்ளால பாக்கும், தண்ணி நிக்கிற வயல் கறுப்பா தெரியும், பயிர் எழும்ப எழும்ப வெளிச்சமாகும். 2018 மார்கழி வெள்ளம் மாதிரி நேரத்தில தண்ணி எதுமட்டும் ஏறினது எண்டு பாக்கிறதுக்கும் இதுதான்.

என்ன பச்சை எண்டு கேட்டா என்டிவிஐ சொல்லாது. நெல்லும் பச்சை, கோரையும் பச்சை. சின்னக் குளங்களைத் தாமரை மூடிக்கிடந்தா அதுவும் நல்ல விளைச்சல் மாதிரித் தெரியும். ஆவணி புரட்டாதியில இன்னுமொரு கூத்து, அறுத்த வயல் காஞ்சு கிடக்க வத்தின குளத்தின்ர அலைகரையில புல்லு முளைச்சு அதுதான் ஊரிலேயே பச்சையா நிக்கும், மாடு எல்லாம் அங்கதான். பாலையும் வீரையும் நிக்கிற காடு அந்த நேரமும் பெரிசா இறங்காது, தேக்கு நட்ட துண்டு மட்டும் இலை கொட்டி நேர்க்கோடு போட்ட மாதிரிப் பிரிஞ்சு தெரியும், காட்டுக்குள்ள எது தோட்டம் எண்டு கண்டுபிடிக்க வேற ஒண்டும் தேவையில்லை.

நெல்லில சாறு உறிஞ்சிற அறக்கொட்டிப் பூச்சி விழுந்ததை இதில கண்டுபிடிக்கலாம் எண்டு யாரும் சொன்னா நம்பாதேங்கோ. அது முதல்ல சின்னச் சின்ன வட்டமா எரியும், பத்து மீற்றர் கட்டத்தில தெரியிற அளவுக்கு வரேக்க வயல்காரன் மருந்தும் அடிச்சு முடிச்சிருப்பான்.

இன்னொரு பொறி, படத்தை இறக்கி கியூஜிஐஎஸ் எண்ட வரைபட மென்பொருளில தாங்களே கணக்குப் போடுற ஆக்களுக்கு. 2022 ஜனவரி 25இல இருந்து சென்டினல்-2 படங்களின்ர எண்களோட 1000 கூட்டித்தான் வருது, அதைக் கழிக்காமல் போட்டா 0.74 வரவேண்டிய இடத்தில 0.52 வரும். இது வந்து விழுந்தது சரியா 2021-22 காலபோகத்துக்குள்ள, இரசாயன உரத்துக்குத் தடை போட்டு யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளா நிண்ட அதே போகம். உரம் இல்லாமல் எவ்வளவு விழுந்தது, இந்த 1000ஆல எவ்வளவு விழுந்தது எண்டு பிரிக்காமல் அந்த வருசத்தைப் பற்றிக் கதைக்கிற படம் எதையும் நான் கணக்கில எடுக்கிறேல்லை. இந்தப் படங்களை இணையத்தில காட்டிற கொப்பர்நிக்கஸ் பிரவுசரில பாத்தா அது தானாச் சரி செய்துதான் காட்டும், கூகிளின்ர எர்த் எஞ்சினில ஹார்மனைஸ்ட் எண்டு போட்டிருக்கிற தொகுப்பை எடுங்கோ.

கொப்பர்நிக்கஸ் பிரவுசர் போனில திறக்கும் ஆனா இழுபறி, லப்டொப்பில பாக்கிறதுதான் சுகம். 2015க்கு முந்தின காலம் வேணுமெண்டா அமெரிக்காக்காரரின்ர லாண்ட்சாட் செய்மதி, 30 மீற்றர் கட்டம், அரை ஏக்கர் வயலுக்கு அது சரிவராது, குளத்துக்கும் காட்டுக்கும் பரவாயில்லை. காசு கட்டிப் பாவிக்கிற ஆப் ஒண்டும் கொஞ்சநாள் வச்சிருந்தனான், பேர் வேண்டாம், இதே இலவசப் படத்தை மெழுகி வழுவழுப்பாக்கி வரம்பு வரைக்கும் தெரியிற மாதிரிக் காட்டினவை, வயலில போய் நிண்டு பாத்தா அந்த நிற வித்தியாசம் ஒண்டுமே இல்லை. அந்தக் காசுக்கு ரெண்டு மாச டேட்டா போடலாம்.

புதுசா தொடங்கிற ஆக்கள் மாசியில இருந்து ஆவணி மட்டும் உள்ள படங்களோட தொடங்குங்கோ, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வயல் ஒண்டை எடுத்து விதைச்ச நாள், அறுத்த நாள் ரெண்டையும் கொப்பியில எழுதி வச்சுக்கொண்டு கோட்டோட ஒப்பிட்டுப் பாருங்கோ. புள்ளியை வரம்போரத்தில குத்தாதேங்கோ, நடு வயலில குத்துங்கோ, ஓரக் கட்டத்துக்குள்ள பக்கத்து வயலும் ரோட்டும் கலந்திருக்கும்.