மனம் நழுவியதை முதலில் சொல்வது எது? நான்கு தியான முறைகள், ஓர் ஒப்பீடு

தியானம் கற்க வருகிறவர் உட்காருவதற்கு முன்பே திணறிவிடுகிறார். மூச்சை எண்ணு என்கிறார் ஒருவர். ஒரு மந்திரத்தைப் பற்றிக்கொள் என்கிறார் இன்னொருவர். உடலைத் தலையிலிருந்து கால் வரை கவனி என்கிறது ஒரு மரபு. எதையும் பிடிக்காமல் சும்மா இரு என்கிறது மற்றொன்று. இந்த நான்கையும் தனித்தனியே மாதக்கணக்கில் செய்து பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வேறுபாடுகளை எழுதுகிறேன்.

எதில் சீக்கிரம் அமைதி கிடைக்கும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு தேடியதில் நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். இப்போது என்னிடம் இருக்கும் அளவுகோல் வேறு: மனம் நழுவிப் போனதை எந்த முறை சீக்கிரமாகவும் தெளிவாகவும் காட்டிக்கொடுக்கிறது?

மனம் அலைவதில் வியப்பில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவீதம் மனிதர்கள் செய்யும் காரியத்தை விட்டு வேறெதையோ நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. 2,250 பேரிடம் திடீர் திடீரெனக் கேட்டுத் திரட்டிய கணக்கு அது. அப்படி அலையும் மனத்தைக் கையும் களவுமாகப் பிடித்துத் திரும்ப அழைத்துவரும்போதுதான் கவனம் வலுப்பெறுகிறது. அலைந்தது தெரியாமலே அரை மணி நேரம் போனால், கண்ணை மூடி ஓய்வெடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த அளவுகோலில் முதலிடம் மூச்சை எண்ணுவதற்கு. மூச்சு வெளியேறும்போது மனத்துக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வரை போய் மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூல் இதற்கு எல்லையே வகுத்திருக்கிறது: ஐந்துக்குக் குறைவாக நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. ஐந்துக்குள் முடித்தால் குறுகிய பட்டியில் அடைத்த மாடுகளைப் போல் எண்ணங்கள் முட்டிக்கொள்ளும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது என்பது இதைப் படிக்கும்போதே தெரிகிறது.

ஒரு நாள் நான்கு வரை ஒழுங்காக வந்தேன். ஐந்தாவது மூச்சில், முந்தைய நாள் ஒருவரிடம் சொல்லாமல் விட்ட பதில் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் செதுக்கிச் செதுக்கிக் கூர்மையாக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். உணர்ந்தபோது எண்ணிக்கை 17-இல் நின்றது. பத்தைத் தாண்டி ஏழு மூச்சுகள் நான் அங்கே இல்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா? வேறெந்த முறையும் இவ்வளவு துல்லியமாக என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

குறையும் உண்டு. கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு தன் இயல்பை இழக்கும். இழுப்பதையும் விடுவதையும் நாமே செய்யத் தொடங்குவோம்; நெஞ்சு இறுகும். இந்த இடத்தில் பலர் தியானம் தமக்கு ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கவனத்தை மூக்கிலிருந்து வயிற்றுக்கு இறக்கிப் பாருங்கள். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்பித்த முறையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும்தான் கவனிக்கச் சொல்வார்கள். அங்கே மூச்சு கொஞ்சம் தூரத்தில் நடப்பதுபோல் இருக்கும். தலையிடும் ஆசை குறையும்.

மந்திரத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கவலை சொற்களாகத்தான் பேசும். 'இப்படி ஆகிவிட்டால்?', 'அவர் என்ன நினைத்திருப்பார்?' என்று ஓயாமல் பேசும் மனத்துக்கு மூச்சு என்பது மிக மெல்லிய பிடி. அங்கே ஒரு சொல்லை வைத்தால், சொல் இருந்த இடத்தில் சொல்லே வந்து உட்கார்கிறது. மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் நாளுக்கு இரண்டு முறை, 20 நிமிடம் மந்திரத்தோடு இருக்கச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-இல் அதே அமைப்பைச் சமயச் சார்பு இல்லாமல் முன்வைத்தார். 'ஒன்று' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும் என்றார். பதற்றத்தைத் தணிப்பதில் இதற்கு நிகராக நான் எதையும் கண்டதில்லை.

ஆனால் பழகிய சொல் தானாக ஓடும். மேலே மந்திரம் ஓடிக்கொண்டே இருக்க, அடியில் நாளைய வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. நான்கு மாதம் மந்திரத்தோடு மட்டும் இருந்தேன். ஒவ்வொரு நாளும் இதமாகவே எழுந்தேன். அதே நாட்களில் ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்க முடியாமல் மூன்று முறை முதல் வரிக்குத் திரும்பினேன். அமைதி வந்திருந்தது, ஊன்றும் ஆற்றல் வரவில்லை. இந்த ஓட்டையை முன்னோர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 108 மணிகள் கொண்ட ஜபமாலையில் தலைமணியைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பெரிய மணி விரலில் தட்டுப்படும்போது, கடந்த சுற்றில் நாம் எங்கே இருந்தோம் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். மந்திரம் சொல்பவர்களுக்கு மாலையையும் சேர்த்தே பரிந்துரைப்பேன்.

உடலைக் கவனிக்கும் முறையைத் தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் 10 நாள் விபஸ்ஸனா முகாம்கள் உலகெங்கும் கொண்டுசென்றன. அங்கே முதல் மூன்றரை நாட்கள் மூச்சு மட்டும்தான். நான்காம் நாளில்தான் உடலுக்குள் இறங்குகிறார்கள். கவனத்தைக் கூர்தீட்டாமல் உடலுக்குள் போனால் எதுவும் தட்டுப்படாது என்பதை இந்த வரிசையே சொல்கிறது. வீட்டில் தனியாகத் தொடங்குபவருக்கு எனது தயக்கமும் இங்கேதான். உச்சந்தலையில் தொடங்கி, வெகுநேரம் கழித்துப் பார்த்தால் இன்னும் இடது தோளிலேயே நின்றிருப்போம். நழுவியது தெரிகிறது, ஆனால் தாமதமாகத் தெரிகிறது. படுத்துக்கொண்டு செய்தால் உறக்கம் முந்திக்கொள்ளும்.

இந்த முறை கொடுக்கும் கொடை ஒன்றை வேறெதுவும் கொடுக்காது. கோபம் எனக்குத் தாடையில் தொடங்குகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடித்தேன். 'எனக்குக் கோபம்' என்று மனம் அறிவிக்கும் முன்பே கடைவாய்ப் பற்கள் கவ்விக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தைப் பேச்சின் நடுவே கவனிக்க முடிந்த நாளில், சொல்ல இருந்த சொல்லை விழுங்க முடிந்தது. மூச்சு ஓரளவு நிலைத்த பிறகு இதற்கு வாருங்கள்.

சும்மா இருப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 13-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென் குரு டோகன் இதையே வலியுறுத்தினார்: பிடிக்க ஒன்றுமில்லை, அடைய ஒன்றுமில்லை, உட்கார்ந்திருப்பது மட்டும். பல ஆண்டு பயின்றவருக்கு இதைவிட விரிந்த வெளி கிடையாது. புதியவருக்கு இதில் பகற்கனவையும் தியானத்தையும் பிரித்துக் காட்ட எதுவுமே இல்லை. நானும் முதலில் இதைத்தான் பிடித்தேன். ஐந்து மாதம் பகற்கனவைத் தியானம் என்று நம்பியிருந்தேன்.

கைப்பேசியில் ஒலிக்கும் வழிகாட்டும் குரல் முதல் இரண்டு வாரத்துக்கு நல்ல துணை. அதன் பிறகு, மனத்தைத் திரும்ப அழைக்கும் வேலையை அந்தக் குரலே செய்துகொண்டிருக்கும். நாம் கற்க மாட்டோம். உட்கார்ந்தாலே உறங்கிவிடுபவர்கள் நடந்துகொண்டே செய்யலாம்: பாதம் எழுவது, நகர்வது, பதிவது.

ஆக, தொடங்குபவர் என்னைக் கேட்டால் நாளுக்கு 20 நிமிடம், எட்டு வாரம், மூச்சை எண்ணுங்கள் என்பேன். இடையில் முறையை மாற்ற வேண்டாம். மூச்சைக் கவனித்ததும் திணறல் கூடுபவர்கள், பழைய அதிர்ச்சியிலிருந்து மீளாதவர்கள் இதை வற்புறுத்திச் செய்யக் கூடாது; கண்ணைத் திறந்தே வைத்து நடைக்கு மாறிக்கொள்ளலாம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் 10 நாள் மௌன முகாமுக்குப் போகும் முன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். நாளெல்லாம் அமர்ந்து மனத்துக்குள் இறங்குவது எளிய காரியம் அன்று.

என் தீர்ப்புக்கு அடங்காத ஒருவரையும் சொல்ல வேண்டும். உறவினர் அவர், படுத்த படுக்கையாகிவிட்ட கணவரை ஆறு ஆண்டு கவனித்துக்கொண்டவர். நள்ளிரவில் இரண்டு முறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, மீண்டும் உறக்கம் வரும் வரை ஒரு மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மாலை கிடையாது, எண்ணிக்கை கிடையாது. மனம் அலைந்ததா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதும் இல்லை. ஒருமுறை அந்த அறையின் வாசலில் நின்றிருந்தேன். கணவரின் கையைப் பிடித்தபடி அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கண்கள் கணவரின் மூச்சின் ஏற்ற இறக்கத்திலேயே இருந்தன. மூச்சை எண்ணிப் பாருங்களேன் என்று சொல்லத்தான் அன்று போயிருந்தேன். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.