கிளிமாஞ்சாரோ: மராங்குவா, மச்சாமேயா?

டான்சானியாவின் கிளிமாஞ்சாரோ மலையில் ஏற நினைப்பவர்கள் விமான டிக்கெட்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டு, பூங்காக் கட்டணத்தில் திகைத்து நிற்பார்கள். மராங்கு, மச்சாமே என்ற ஏறும் பாதைகளில் எதில் போனாலும் வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20 டாலர், எல்லாவற்றுக்கும் மேல் 18% வாட் (மதிப்புக் கூட்டு வரி). வித்தியாசம் இரவுத் தங்கலில்தான்.

தங்கல்
மராங்கு: மரக் குடில், இரவுக்கு 60 டாலர்.
மச்சாமே: கூடாரம், இரவுக்கு 50 டாலர்.

மொத்தம்
மராங்கு, 5 நாள், 4 இரவு: 350 + 240 + 20 = 610. வாட் சேர்த்தால் சுமார் 720.
மச்சாமே, 7 நாள், 6 இரவு: 490 + 300 + 20 = 810. வாட் சேர்த்தால் சுமார் 956.

குடில் விலை அதிகம், ஆனாலும் மராங்கு மலிவு! நாள்தான் காசு. அதே 6 நாள் என்று வைத்தால் மராங்குதான் 59 டாலர் கூடுதல்.

உடம்பு
மச்சாமேயில் 4,600 மீட்டர் உயரத்தில் உள்ள லாவா டவர் பாறை வரை ஏறி, அன்றே சுமார் 3,900 மீட்டரில் உள்ள பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவீர்கள். உடம்பு உயரத்துக்குப் பழக இது நல்ல வழி. மராங்குவில் 5 நாளில் 5,895 மீட்டர் உச்சி என்பது அவசரம். தலைவலியோடு திரும்புவதற்கா இவ்வளவு செலவு?

மழைக்காலம், கூடாரம் ஒத்துவராது என்றால் மராங்கு, அதுவும் 6 நாளாக. உச்சிதான் குறி என்றால் 7 நாள் மச்சாமே. அப்புறம், ஏற்பாட்டாளர் சொல்லும் விலையில் பூங்காக் கட்டணமும் வாட்டும் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.